மூன்று பேரில் ஒருத்தி

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நானும் என் போன்ற பெண்களும் படைக்கு முந்திவிட்டோம். பந்தியில்தான் எங்களுக்குக் கடைசி வரிசை.

எங்கள் பிரதேச செயலகத்தில் முன்னாள் போராளிகளின் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். அதில் எங்களுக்கு மூன்று இடம். யார் அந்த மூவர் என்று நாங்களே தெரிவுசெய்து கொடுக்க வேண்டும், பெயர்களை அலுவலக வாசலில் ஒட்டுவார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூடினோம். மகளிடம் மாதர் சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்தது என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். நான் பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்தவள் என்பதால், என்னோடு இயக்கத்தில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் என் பழங்கதை தெரியாது. மகளுக்குப் பெரியகல்லாற்றில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. இயக்கத்தில் இருந்தவளின் மகள் என்று தெரிந்ததும் கைநழுவிப் போன சம்பந்தங்களை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் நடுவில் குடி வந்து குந்திக்கொள்ளும். குடி என்பது தாய்வழியில் வரும் குலப்பிரிவு. கோயிலில் ஒவ்வொரு குடிக்காகவும் பேச ஒரு வண்ணக்கர் உண்டு. அன்றும் பழக்கதோஷத்தில், பெரிய குடிகள் மூன்றுக்கும் ஆளுக்கொருவர் என்று பெயர்கள் வந்துவிட்டன. மூவரும் ஆண்கள். குடி தாயிடமிருந்து வரலாம், வண்ணக்கர் மட்டும் மீசையோடுதான் வர வேண்டும். காட்டில் எங்களைக் குடி கேட்டா பங்கருக்குள் இறக்கினார்கள்? கோபம் தாங்காமல் எழும்பினேன்.

“பொம்புளையள் ஒராளும் இல்லையே, அண்ணன்?”

முதல் பெயருக்குரியவரைத்தான் கேட்டேன். கால் போன அன்று என்னைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர் அவர்.

“உங்களுக்கும் சேத்துத்தானே நாங்க கதைப்பம், தங்கச்சி” என்றார். மனதார நம்பித்தான் சொன்னார்.

“கதைப்பீங்க. எங்களில ஆருக்கு எந்த இடத்தில பீஸ் கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

பீஸ் என்றால் உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டுச்சிதறல். எங்களில் ஒருத்திக்கு அது மார்பில் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்த நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அதை எந்த ஆணிடம் போய்ச் சொல்வாள்?

அண்ணன் நிலத்தைப் பார்த்தார். “தெரியாது” என்றார். பிறகு, “என்ட இடத்தில ஒரு பொம்புளையப் போடுங்க” என்றார்.

பெண்களில் யார் என்றதும் ஒருத்தியும் முன்வரவில்லை. எல்லோர் வீட்டிலும் கலியாண வயதில் குமர்ப்பிள்ளைகள். அந்த அலுவலகத்துக்குப் பெரியகல்லாற்றுச் சனமும்தான் வரும், வாசலில் ஒட்டிய பெயரை வாசிக்கும். மகளின் வாழ்வில் நானே மண் அள்ளிப் போடுகிறேனோ என்று பயந்தேன். ஆனால் கேட்டவளே பின்வாங்கினால் அந்த இடம் மறுபடி ஆணுக்குத்தான் போகும். என் பெயரைச் சொன்னேன்.

வீட்டில் மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காலைக் கழற்றாமலே கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாளைக்கே மாப்பிள்ள வீட்ட போய் நானே சொல்றன் மகள். அவங்க வேணாமெண்டா...”

“அவருக்கு நான் எப்பவோ சொல்லிட்டன். அவர்ட அம்மாவுக்கும் தெரியும்.”

“உனக்கு ஆர் சொன்ன?”

“உங்களோட இருந்த ஆக்கள்ட புள்ளையள் என்னோடதானே படிச்ச. ஆறாம் வகுப்பிலயே தெரியும்.” அவள் துருவுவதை நிறுத்தினாள். “நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டே இருந்தன், அம்மா.”