அக்கா திருப்பி அனுப்பிய அறிக்கை

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. ஆவூர்க் கோயிலில் நினைவுத் திருப்பலி முடிந்து, பந்தியில் இலை போடுவதற்குள் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்துவிடும். குழம்பு சிந்தினால் வருந்த வேண்டாம். அக்கா படித்த எந்தத் தாளிலும் குழம்புக் கறை இல்லாமல் இருந்ததில்லை.

ஆவூரில் கடலை விவசாயியின் மூத்த மகளாகப் பிறந்தார். தங்கை தம்பிகள் நால்வருக்கும் சோறு ஊட்டிக்கொண்டே தாவரவியல் படித்தார். மறுத்த வாயைத் திறக்க வைக்கும் வித்தையை அங்கேதான் கற்றார். ஆலங்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகி, துறைத்தலைவராகி, கடைசியில் 'பொறுப்பு முதல்வர்' ஆனார். அந்தப் 'பொறுப்பு' மட்டும் இரண்டு வருடமாக நெருஞ்சி முள்ளாய்ப் பெயரோடு ஒட்டிக் கிடந்தது.

அத்தானும் வேறொரு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆட்சி பச்சை மையில் நடந்தது. காலையில் ஒரு சுற்றறிக்கை, மாலையில் அதை நினைவூட்டி இன்னொன்று. அக்காவோ ஆசிரியர் அறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். அத்தான் அதட்டினால் கண்டிப்பானவர் என்ற ஊர், அக்கா குரல் உயர்ந்தால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்றது. கேட்டு முடிவெடுத்தாலோ, ஒன்றும் தெரியாதவர். அக்காவின் முறையிலும் குறை உண்டு. எல்லோரையும் கேட்டுக் கேட்டு ஒரு விளையாட்டு விழா ஐப்பசிக்குத் தள்ளிப்போக, ஓட்டப்பந்தயம் ஏறக்குறைய நீச்சலாக முடிந்தது.

கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக்குழு நல்லபடியாக எழுதினால் அக்காவே நிரந்தர முதல்வர், இல்லையேல் வெளியாள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. குழு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. அக்கா பின்கட்டிட மொட்டைமாடியில், பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வராத குழாயோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்த அத்தான், முதல்வர் அறையில் காத்திருந்தார். காலி நாற்காலியைப் பார்த்தால் அத்தானுக்குக் கால் வலிக்கும்.

குழுவினர் நாற்காலியில் இருந்தவருக்கு வணக்கம் சொல்லிக் கேள்விகளைத் தொடங்கினார்கள். கேள்வி என்று வந்தபின் பதில் சொல்லாமல் இருக்க அத்தானுக்குத் தெரியாது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றதற்கு, "அதப் பத்தி சர்க்குலர் அனுப்பியாச்சுங்க" என்றாராம்.

ஈரச் சேலையோடு அக்கா உள்ளே வந்தார். குழுத் தலைவர் அவரிடம் நாலு டீ சொன்னார்.

"டீ வருதுங்க. நான்தான் பிரின்சிபால். கொழாயில தண்ணி வந்துருச்சு, வாங்க, பாத்துட்டு வந்து குடிப்போம்."

அத்தான் எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

அறிக்கை வந்தது, பக்கத்துக்குப் பக்கம் பாராட்டு. முடிவில், 'முதல்வரும் அவருடைய துணைவியாரும் சிறந்த ஒத்துழைப்பு நல்கினர்' என்றிருந்தது. ஏற்றுக்கொண்டதாக அக்கா கையெழுத்திட்டால் போதும், ஆணை வந்துவிடும். போட்டுவிடச் சொன்னார் அத்தான். திருப்பினால் எல்லாம் நின்றுபோகும் என்றார்.

"நல்லா நடத்தலன்னு எழுதட்டும், வாங்கிக்கிறேன். யாரு நடத்துனதுன்னு மாத்தி எழுதக்கூடாதுங்க" என்று அக்கா திருப்பி அனுப்பினார்.

மூன்று மாதம் பதிலில்லை. நிர்வாகம் வெளியாளைத் தேடத் தொடங்கியது. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தாமே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அன்று நாற்காலியில் இருந்தவன் நான், கல்லூரி அவருடையது. எழுதியதை அக்காவிடம் நீட்டி, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார். திருமணமாகி முப்பது வருடத்தில் முதல் முறை. அக்கா பாதியை அடித்துவிட்டு மீதியை அனுப்பச் சொன்னார். அறிக்கை திருந்தியது, ஆணை வந்தது, முள்ளும் உதிர்ந்தது. ஓய்வு பெறும்வரை நான்கு ஆண்டுகள் அவரே முதல்வர்.

கடைசி நாள்களில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே செவிலியரின் இரவுப்பணிப் பட்டியலை அவர்களிடமே கேட்டுக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார். அந்தச் செவிலியருக்கும் மருத்துவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், பொன்னமராவதியிலிருந்து வேன் பிடித்து வந்த ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தானுக்கும். அடக்கத்தன்று வந்த மாணவியருக்கு அவரைத் தெரியவில்லை. ஒரு கல்லூரியையே ஆண்ட அத்தான், வாசலில் நின்று, வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் கைகூப்பி, "நான் பிரின்சிபாலோட வீட்டுக்காரரும்மா" என்றார். வரிசை நீண்டுகொண்டே போனது. அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.