ரேகை இல்லாத கை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஏஞ்சலினுக்கு பேக்கிங் வேலை. சினைப்பையில் வந்த புற்றுநோய் ஒருமுறை மருந்தில் அடங்கி, மறுவருஷமே திரும்பிவிட்டது. முதல் தடவை தலை மொட்டையாகியிருந்ததால், இந்தத் தடவை சிவப்பு மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றியதுமே தலைக்குக் கட்டத் துணி வாங்கிவிட்டாள். முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. சோறும் இறங்கியது.

"புது மருந்து சாதுவா கீது," என்று கணவன் அன்புவிடம் சொல்லிச் சிரித்தாள். மருந்து மாதம் ஒருமுறைதான். இடையில் வேலைக்கும் போனாள்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு உள்ளங்கை எரிந்தது, சிவந்தது, தோல் உரிந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி கேட்டில் வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடச்சிக்கினு வையிக்கா," என்றான் செக்யூரிட்டி மோகன்ராஜ்.

துடைத்து வைத்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. எதையும் மெஷின் ஏற்கவில்லை. மோகன்ராஜ் அவள் கையைத் திருப்பிப் பார்த்தவன் சட்டென்று விட்டுவிட்டான்.

"இன்னாக்கா இது, ரேகையே காணோம்!"

விரல் நுனிகள் உரித்த வெங்காயம் போல வழவழவென்றிருந்தன. பின்னால் நின்றவர்கள் போட்ட சத்தம் ஏஞ்சலின் காதில் ஏறவில்லை. ரோட்டுக்கு நடந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"எரிச்சல் வந்தா ஒடனே வரச் சொன்னோமேம்மா," என்றார் டாக்டரம்மா.

"தோலு உரியும்னு நெனச்சேன் மேடம். நானே இல்லாம பூடுவேன்னு தெரியாதே!"

டாக்டரம்மா அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மருந்தைக் கொழுப்பு உறைக்குள்ள வெச்சு அனுப்புறோம். ஒவ்வொரு உறையும் முடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு. கட்டியோட ரத்தக்குழாய்ல இடுக்கு ஜாஸ்தி, அது வழியா உள்ள போய்த் தங்கிடும். வெறும் மருந்தா ஏத்தினா இதயத்தைக் கெடுக்கும், உறையில இருந்தா அந்தக் கெடுதல் கம்மி. ஆனா உள்ளங்கை, உள்ளங்கால்லயும் கொஞ்சம் கசிஞ்சிடுது. அளவைக் கொறைக்கலாம். ரேகை திரும்ப வந்துடும்மா."

அடுத்த மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். சுடுதண்ணீர் தொடக்கூடாது என்றதால் பாத்திரத்தை அன்பு தேய்த்தான். கம்பெனியில் கையெழுத்து போட்டுக்கொள்ள விட்டார்கள்.

கட்டி பாதியாகிவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னபோது அன்பு அழுதுவிட்டான். ஏஞ்சலின் அழவில்லை. மேசைக்கு அடியில், கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.