ஒட்டுப்பால் அடைத்த குவளை

என் வீட்டுச் சுவரில் தொங்கும் தகரக் குவளையின் அடியில் ஓர் ஆணித்துளை இருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம், "இத ஏன் வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்களேன்" என்கிறார்கள். போட மாட்டேன். நான் மனிதனானது அந்தத் துளையால்தான்.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்பு, லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவிக்கொண்டிருந்தோம். பால் நிறுத்துக் கொடுத்ததும் கால்கள் தாமாகத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போகும். அவனவன் சொந்தக் குவளையைக் கொண்டுபோக வேண்டும். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், என்னைவிடப் பெரிய குடிகாரர். ஒருநாள் தம் குவளையின் அடியில் ஆணி அடித்துக் குடியை நிறுத்தினார். நிறுத்தியவர் வீட்டில் அடங்கிக் கிடந்தாரா? தினமும் அந்த ஓட்டைக் குவளையோடு கடை வரிசையிலேயே போய் நிற்பார். விட நினைக்கிறவன் கண்ணில் பட வேண்டுமாம்!

என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "குடிய விட்டாத்தான் வருவேன்" என்றாள். நானும் என் குவளையில் ஆணி அடித்தேன். ஐந்தாம் நாள் உடம்பு நடுங்கியது. மரம் சீவுகிறவனுக்கு ஓட்டை அடைக்கச் சொல்லித்தர வேண்டுமா? சீவிய கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து உருட்டித் துளையில் திணித்தேன். சொட்டுக்கூட ஒழுகவில்லை. வெட்கங்கெட்ட கெட்டிக்காரத்தனம்!

கள்ளை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனபோது மச்சான் என் கையைப் பிடித்து, அடியிலிருந்த அடைப்பைப் பிடுங்கினார். அத்தனையும் என் காலில் கொட்டியது. வரிசையே சிரித்தது. ஓங்கி அறைந்துவிட்டேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே தம் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். துளையைச் சுற்றிக் கறுத்த ஒட்டுப்பால். "நானும் மூணு தடவ அடச்சவன்தான், மாப்ளே. வா, வீட்டுக்குப் போலாம்." அங்கேயே நின்று அழுதேன்.

அதன்பின் ஏழெட்டுக் குவளைகள் ஓட்டையாயின. கள்ளு வியாபாரம் படுத்ததும், தோட்டத்துக் கணக்கும் கடைக் கணக்கும் பார்த்த கிராணி மச்சானை வேலையை விட்டு விரட்டினார். "மரம் சீவுனதுல கொறை இருந்தா சொல்லுங்கய்யா. குடிக்காததுக்கா சீட்டக் கிழிக்கிறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுத்தான் ரயிலேறினார்.

அன்று சாயங்காலமே அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். "நீயும் போகணுமா?" என்று கிராணி உறுமினார்.

"போறேங்கய்யா. எனக்கப்புறம் நிக்க ஆள் இருக்கு."

பின்னால் இருவர் கேட்காமலே தங்கள் குவளைகளைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

இன்றைக்கும் கை நடுங்க யாராவது வாசலில் வந்து நின்றால், சுவரிலிருந்து இந்தக் குவளையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவேன். துளை ஓரத்தில் அன்று நான் அடைத்த ஒட்டுப்பாலின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அதை நான் சுரண்டவில்லை; சுரண்டவும் மாட்டேன்.