வரிசையின் கடைசியில் நின்ற மேடம்

நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு ஒருவர் வலது பக்கத் தெருவுக்குள் திரும்பியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தெருத்தெருவாகப் போய்க் குடிதண்ணீரைத் திறந்துவிடுகிறவர். மழை பொய்த்த அந்த நாட்களில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் ஒரு தெருவுக்கு வருவார். அந்தச் சைக்கிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று அதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர் எங்கள் கல்லூரியின் புவியியல் துறைத்தலைவர். மேடம் என்றுதான் அழைப்போம். நான் அதே துறையில் வேலை நிரந்தரமாகாத விரிவுரையாளன். கல்லூரியில் நிலத்தடி நீர் பற்றி மாநாடு. பல மாநிலங்களிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். முந்தின ஆண்டு அது ஒரு துறைமுக நகரத்தில் நடந்தது. வந்தவர்களைப் படகில் ஏற்றிக் கப்பல்களைச் சுற்றிக் காட்டினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் கல்லூரி முதல்வருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவங்க கடலக் காட்டுனாங்க. நாம எதக் காட்டுறது?" என்று புலம்பித் தீர்த்தார். விருந்தினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மேடத்திடம் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, "தண்ணிப் பஞ்சத்தப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது, பாத்துக்கங்க" என்றார். தண்ணீருக்காக மாநாடு, அதில் தண்ணீரில்லை என்று சொல்லக் கூடாது! நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

இந்த ஊரை மேடம் அறிமுகப்படுத்தியதுபோல வேறு யாரும் செய்து நான் கேட்டதில்லை. தாடிக்கொம்புக் கோயிலில் சிற்பத்தின் விரல் நகத்தைக் காட்டியவர், அந்தக் கல் எப்படிப்பட்ட பாறை என்றும் சொன்னார். திரும்பும் வழியில் முருங்கைத் தோப்பையும் கனகாம்பரத் தோட்டத்தையும் காட்டி, எதன் வேர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று விளக்கினார். தலை நரைத்த பேராசிரியர்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகள்போல ஜன்னலோரம் நெருக்கியடித்தார்கள்.

ஊருக்குள் நுழைந்து, மலைக்கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். சைக்கிள் திரும்பியது அவர் குடியிருந்த தெருவுக்குள். முறைப்படி மறுநாள்தான் அங்கே தண்ணீர் வர வேண்டும். வீட்டில் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மேடத்தின் கணவருக்கு வெளியூரில் வேலை. இன்று விட்டால் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். "தம்பி, வண்டிய வலது பக்கம் திருப்புங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, மைக்கை என் கையில் திணித்தார்.

"மேடம், பிரின்ஸ்பால் கேட்டா..." என்று இழுத்தேன்.

"பிரின்ஸ்பால் வீட்டுல பச்சப்புள்ள இல்ல சார்" என்று இறங்கிப் போனார்.

வீட்டிலிருந்து இரண்டு குடத்தோடு வந்து தெருக்குழாய் வரிசையின் கடைசியில் நின்றார். விருந்தினர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்க் குழாயைச் சுற்றி நின்றார்கள். முந்தின ஆண்டு கப்பலைக் காட்டிய துறைமுக நகரத்துப் பேராசிரியரும் அவர்களில் ஒருவர். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பெண்களுக்குக் கூச்சமாகிவிட்டது. "டீச்சரக்கா, பஸ் நிக்கிதுல்ல, முன்னால வந்து பிடிச்சுக்கங்க" என்று விலகி வழிவிட்டார்கள்.

"பின்னாடி வந்தவ பின்னாடியேதான் நிக்கணும். நீங்க பிடிங்கடி" என்றார் மேடம்.

அவருக்கு முன்னால் நின்ற பூக்காரம்மாவின் குடம் நிறைந்ததும் குழாய் இரண்டு முறை கனைத்துவிட்டு நின்றுபோனது. பூக்காரம்மா தன் குடத்தைத் தூக்கி மேடத்தின் இடுப்பில் வைத்து, "புள்ள பெத்த வீடு. கொண்டு போங்கக்கா" என்றார். மேடம் பாதியைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் வைத்துவிட்டு வந்து, நனைந்த சேலையோடு மைக்கை வாங்கி, மலைக்கோட்டையைப் பற்றி விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். இத்தனையிலும் நான் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை. அவர்மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. என்மேல் வந்த வெட்கமும்தான்.

மறுநாள் காலை விடுதிக் காப்பாளர் குழப்பத்தோடு வந்தார். விருந்தினர்கள் தங்கியிருந்த கல்லூரி விடுதியில் அவர்களுக்காகவே லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். "சார், முக்காவாசி அப்படியே கெடக்கு. இவங்க யாரும் குளிக்கலையா?" என்று கேட்டார். குளித்திருந்தார்கள், பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கு அரை வாளியில். திட்டுவதற்காக மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பியிருந்த முதல்வர், விஷயம் தெரிந்ததும் மிச்சத் தண்ணீரை டிராக்டரில் ஏற்றி அந்தத் தெருவுக்கே அனுப்பிவைத்தார். அங்கேயும் மேடம் கடைசியில்தான் நின்றாராம்.

இப்போது அவர் மகளோடு கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறார். அன்று பிறந்திருந்த குழந்தை வேலைக்குப் போகிறது. போனில் பேசும்போதெல்லாம் அந்த நாளைப் பற்றி நான்தான் ஆரம்பிப்பேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒன்றை மட்டும் அவரிடம் நான் சொன்னதில்லை. அப்போது அந்த விடுதியில்தான் நானும் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அந்த மறுநாள் காலை அதே தொட்டித் தண்ணீரில்தான் குளித்தேன். முழு வாளி.