மணப்பாடு: சேவியர் மூன்று மாதம் டீ போட்ட கதை

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு மணப்பாடு போனோம். அடுத்த வியாழக்கிழமை என் மனைவி மீனாவுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன், ரத்தசோகை வேறு. "அதுக்கு முன்னாடி ஒருநாள் கடல் பாக்கணும்" என்றாள். இந்த ஆபரேஷனில் என் பங்கு, பிளாஸ்க்கில் பால் கொண்டுபோவது மட்டும்தான்.

திருநெல்வேலியில் ஆறரைக்குப் பஸ் ஏறி, அறுபது கிலோமீட்டர் கடந்து எட்டேகாலுக்குத் திருச்செந்தூர். முருகன் கோயில் வரிசையைப் பார்த்ததும் கோபுரத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம். மணப்பாடு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். போய்வர ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். ஓட்டிய இன்னாசி மற்ற நாட்களில் கடலுக்குப் போகிறவர்; ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வள்ளம் இறக்குவதில்லை.

குன்றின்மேல் சிலுவைக் கோயில், கீழே கண்ணுக்கெட்டிய வரை நீலம். மீனா அசையாமல் நின்றாள். கரைக்கு இறங்கினால், ஒருவர் நங்கூரத்தை ஒற்றை ஆளாய்த் தோளில் சுமந்து வந்தார். இன்னாசி சிரித்தார்.

"சேவியர். எங்க வள்ளத்து ஆளுதான். போன வருசம் ஆம்பளைக்குச் செய்யுத கு.க. ஆபரேசன் பண்ணிக்கிட்டான். டாக்டர் மூணு மாசம் கவனமா இருக்கச் சொன்னாராம். நாங்க கயித்தத் தொடவே விடலியே! டீ போடத்தான் விட்டோம்."

வலை பிரித்துக்கொண்டிருந்த சேவியரின் மனைவி ரோஸ்லின் நிமிர்ந்தார். "ஏலே இன்னாசி, மூணு மாசக் கவனம் வீட்டுலதான், கடல்ல இல்ல! டெஸ்ட்ல சரின்னு வாரவரைக்கும் ஆணுறை போடணும்னு சொன்னாவ. பாரம் தூக்காம இருக்கது ஒரு வாரந்தான். இந்த மனுசன் வெக்கப்பட்டு மூணு மாசமும் டீ போட்டாரு. நாந்தான் கரைக்கு வந்து கத்துனேன்."

கரையே சிரித்தது, சேவியரும்தான். "பயமா இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பயந்தான் சார். பயலுவளும் சிரிச்சானுவ. ஆனா பிள்ளைக்காவ ரெண்டு மட்டம் அவ வயித்தக் கிழிச்சாச்சு. மூணாவது மட்டமும் அவளேயா?"

சொல்லிவிட்டு நங்கூரத்தோடு போய்விட்டார். என்ன மனிதர்! மீனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: குன்றில் நிழல் இல்லை, பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். பூசை முடிந்தபின் கோயிலைச் சுற்றிப் பாருங்கள். சாப்பாடு உட்பட இருவருக்கும் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. இன்னொன்று, அரசு மருத்துவமனையில் ஆண்களும் போய்க் கேட்கலாம். நான் திங்களன்று போய்க் கேட்டேன். சின்ன வேலை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்றார்கள்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்குப் போய்விட்டோம். பிளாஸ்க்கை மீனா எடுத்து வந்தாள்.