வரப்பு முனையில் ஒரு ஜோடி செருப்பு

போன வருஷம் அக்னி நட்சத்திரத்தின்போது, மரக்காணம் உப்பளத்தில் நான் காவல் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஒன்பதாவதோடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனர், திருப்பூர் சாயப்பட்டறை, கேரளா ஓட்டல் என்று சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தேன். தகரக் கொட்டகை, ஒரு கயிற்றுக் கட்டில், தண்ணீர் கேன். அது போதுமாக இருந்தது.

அன்று மதியம் அக்கா மகள் போன் செய்தாள். ப்ளஸ் டூ முடித்தவள். சென்னையில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. எதில் சேர்வதென்று மறுநாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

"மாமா, ரெண்டு எடத்துப் பசங்களும் உங்க உப்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் வர்றாங்கன்னு சொன்னீங்களே. எது பெட்டரு?"

"என்னையா கேக்கற? நான் ஒன்பதாவது பெயிலு."

"அதான் கேக்கறேன். படிச்சவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பார்த்ததைச் சொன்னேன். ஒன்று சின்னது. அங்கிருந்து பிள்ளைகள் வந்தபோது கூடவே ஒரு டீச்சரம்மா வந்து, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று பார்த்து, என் நம்பரையும் வாங்கிப் போனார். தினம் சாயங்காலம் பஸ் ஏறியாச்சா என்று கேட்பார். எனக்கே சலிப்பாக இருந்தது. இன்னொன்று பெரிய பெயர். அங்கிருந்து அப்போது ஒரு பெண் தனியாக வந்து, பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தாள். இந்த இடத்தையும் அவளேதான் தேடிப் பிடித்தாள். பல்கலைக்கழகம் கொடுத்தது முத்திரை போட்ட ஒரு தாள்.

"பெருசுலயே சேரு, பேரு இருக்குது" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தச் செருப்பைப் பார்த்தேன்.

உப்புப் பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள், உப்பு அழுக்காகிவிடும். வரப்பு முனையில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முனையில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அன்று ஊதா வார் வைத்த ஒரு ஜோடி கிடந்தது. அந்தப் பெண்ணுடையது.

போனை வைத்துவிட்டு நடந்தேன்.

உச்சி வெயிலில் அந்த வெள்ளை, பழகிய கண்ணையும் ஏமாற்றும். தூரம் தெரியாது. காற்றும் நின்றுபோயிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி வரும் கழிப் பக்கம் இரண்டு உருவங்கள் தெரிந்தன. முன்னால் ஒருவன், தோளில் உப்பு வாரும் பலகை. பின்னால் அவள். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாததுபோல் அலையாடியது. கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. கிட்டே போகப்போக ஒரு உருவம்தான் மிஞ்சியது.

கழியிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரம், முழங்கால்வரை சேற்றில் நின்றிருந்தாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆளையே விழுங்கும் இடம். துண்டை வீசி இழுத்தேன். உதடு வெடித்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"ஏண்ணா, கூப்பிடக் கூப்பிட அப்படியே போறீங்க? வழி காட்டறீங்கன்னு பின்னாடியே வந்தேன்."

"நானா?"

"இதே நீலச் சட்டைதான். பலகைய எங்க வெச்சீங்க?"

சேற்றைப் பார்த்தேன். அவள் கால்தடம் மட்டும்தான் இருந்தது.

"அங்க வெச்சிட்டேன், வாம்மா" என்றேன்.

கொட்டகையில் படுக்கவைத்து, தலையில் ஈரத்துணி போட்டு, அவளிடமிருந்த பல்கலைக்கழகத் தாளில் கண்ட நம்பருக்கு அடித்தேன்.

"எந்த டிபார்ட்மென்ட்டுங்க? அவங்க லீவு. திங்கக்கிழமை பண்ணுங்க."

"பொண்ணு வெயில்ல சுருண்டு கெடக்குதுங்க."

"அவங்க வீட்டுக்குச் சொல்லிடுங்களேன்."

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவள் அப்பா வந்துதான் கூட்டிப் போனார்.

சாயங்காலம் அக்கா மகளுக்கு நானே பேசினேன். "நோட்டீஸ்ல கம்பெனி பேரு எத்தனை போட்டிருக்கான்னு பாக்காத. இன்டர்ன்ஷிப் போன பொண்ணு திரும்பலைன்னா யாரு தேடுவாங்கன்னு ரெண்டு எடத்துலயும் கேளு."

கேட்டிருக்கிறாள். பெரிய இடத்தில், அது ஸ்டூடண்ட் பொறுப்பு என்றார்களாம். சின்ன இடத்தில் அந்த டீச்சரம்மாவின் நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். அங்கேதான் இப்போது படிக்கிறாள். "அந்த மேடம் தொல்லை தாங்கல மாமா" என்பாள்.

வீட்டை விட்டு நான் கிளம்பிய பிறகு என் செருப்பு எங்கே கிடக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அன்று அந்த வெள்ளையில் என் சட்டையோடு திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தவன் யார் என்று யோசிக்க எனக்கு இன்றைக்கும் தைரியம் வரவில்லை.