பச்சைக் கொழுந்து வாசம்

ஜப்பானில் வேலை செய்யும் மகன் லீவில் வரும்போது கொண்டுவந்த கிரீன் டீயை நேற்று எங்கள் ஹட்டன் வீட்டில் போட்டான். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு இலையில் ஊற்றியதும், கசக்கிய பச்சைக் கொழுந்தின் வாசம் எழுந்தது.

சின்ன வயதில் இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருந்தோம். விடாத மழையால் ஒரு நாள் யாருக்கும் வேலை இல்லை. மத்தியானம் இதே வாசம் லயம் முழுக்க அடித்தது. அடுப்படியில் இருந்த அம்மா நிமிர்ந்தார்.

"இன்னிக்கு யாரும் கொழுந்து எடுக்கலையே. வாசம் எங்கேருந்து வருது?"

அப்பா வெளியே போய்ப் பார்த்தார். லயத்துக்கு மேலே மண் மெல்ல நகர்ந்து, தேயிலைச் செடிகள் ஒன்றோடொன்று நசுங்கிக்கொண்டிருந்தன.

"மலை எறங்குது. புள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போ," என்றார்.

போகும்போது அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சோறு கொதிக்குதுக்கா. வடிச்சிட்டு வந்துர்றேன்," என்றார் செல்லம்மா சித்தி.

கோயில் படியேறித் திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. சித்தி வரவேயில்லை.

"குடிங்கம்மா, ஆறுது," என்று மகன் கோப்பையை நீட்டினான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் தேயிலை மலைதான். நேற்றும் மழை விட்டபாடில்லை. கோப்பையை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, பின்பக்க ஜன்னலைத் திறந்து காற்றை மோந்து பார்த்தேன்.